இரண்டு துளை போட்ட பொற்காசு

(திருப்பாலைவனத்தில், ஏரிக்கரை ஊர்களின் வாசகர்கள் சேர்ந்து நடத்திய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



'பைசாந்தியக் கலை அருங்காட்சியகத்துக்கு ஒரு பயணம்' என்று நோட்டீஸில் போட்டுவிட்டீர்கள். அதைப் படித்த என் வீட்டுக்காரம்மா, "நீங்க எப்போ அந்த ஊருக்கெல்லாம் போனீங்க?" என்று கேட்டார். போகவில்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கிரேக்க நாட்டின் தெசலோனிகியில் 1994இல் திறந்த பைசாந்தியப் பண்பாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. ஏதென்ஸில் அதைவிடப் பழையது ஒன்று இருக்கிறது. இரண்டையும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நான் போனது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு. பொன்னேரியில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பாந்தியன் சாலைக்கு. பைசாந்தியத்தைப் பார்க்க அது போதுமா என்றால், நமக்குப் போதும் என்றுதான் இன்று வாதாடப் போகிறேன்.

அந்தக் காலத்தில் பட்டணத்துக்குப் போய்வந்தவர்கள் சென்ட்ரல் பக்கத்து மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும், எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் சொல்வார்கள். உயிர் காலேஜ் 1985இல் வண்டலூருக்குப் போய்விட்டது. செத்த காலேஜ் 1851இல் தொடங்கியது, இன்னும் இருக்கிறது. நான் முதல்முறை அங்குள்ள பைசாந்தியக் காசுகளைப் பார்க்கவென்றே கிளம்பிப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல நாள் பார்த்துப் போனேன். வெள்ளிக்கிழமைதான் அங்கே வார விடுமுறை. பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பைசாந்தியம் என்றால் என்ன என்பதை முதலில் முடித்துவிடுவோம், அதில் ரொம்ப நேரம் வேண்டாம். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 330 மே 11 அன்று கிழக்கே ஒரு புதுத் தலைநகரைத் திறந்து வைத்தார். பழைய பைசாந்தியம் என்ற ஊரின் மேல் கட்டிய கான்ஸ்டான்டிநோபிள் அது, இன்றைய இஸ்தான்புல். மேற்கே ரோம் விழுந்த பிறகும் கிழக்கே இந்த அரசு 1453 மே 29 வரை நின்றது. ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த அரசில் இருந்த யாரும் தங்களைப் பைசாந்தியர் என்று சொல்லிக்கொண்டதில்லை. கடைசிவரை 'நாங்கள் ரோமர்' என்றுதான் சொன்னார்கள். 'பைசாந்தியம்' என்ற பெயரைப் பரப்பியவர் ஹியரோனிமஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர். அவர் எழுதியது 1557இல், அரசு போய் நூறு வருஷம் கழித்து. இதை உங்களுக்கு விளக்கவே வேண்டாம். பழவேற்காட்டை டச்சுக்காரன் 'பலியாகட்டா' என்று எழுதினான், இங்கிலீஷ்காரன் 'புலிகாட்' என்றான், உலகத்துக்கு இன்றும் அது புலிகாட் ஏரிதான். உங்கள் திருப்பாலைவனத்தையும் பெயரைக் கேட்டவுடன் மணலும் ஒட்டகமும் இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. பாலை மரக்காடு என்று பாலீஸ்வரர் கோயில் வாசலில் நின்று எத்தனை பேருக்குத்தான் சொல்வீர்கள்!

காசு என்பதும் உங்களுக்குப் புதிதல்ல. டச்சுக்காரர்கள் ஜெல்ட்ரியா கோட்டை கட்டியதும் காசு அடித்ததும் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பழவேற்காட்டில். எலும்புக்கூடு நிற்கும் அந்தக் கல்லறைத் தோட்டத்து வாசலைப் பார்த்து நம் பிள்ளைகள் பயந்துகொள்வார்களே, அந்த ஆட்கள்தான். அவர்களுடைய செப்புக்காசில் வி.ஓ.சி. என்று அவர்கள் கம்பெனியின் மூன்று எழுத்து பின்னிக் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் அதை நம்முடைய கப்பலோட்டிய தமிழன் அடித்த காசு என்று பதில் எழுதினான். அவனுக்கு அரை மார்க் போட்டேன். கப்பல் இருந்ததே!

சரி, பொற்காசுக்கு வருவோம். கான்ஸ்டன்டைன் தொடங்கிவைத்த பொற்காசுக்கு 'சோலிடஸ்' என்று பெயர். ஒரு ரோமப் பவுண்டு பொன்னில் 72 காசு. ஒன்று ஏறத்தாழ நாலரை கிராம், நம் கணக்கில் அரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேல். பதினொன்றாம் நூற்றாண்டு வரை, எழுநூறு வருஷம், மாற்று பெரிதாகக் குறையாமல் ஓடிய காசு அது. நகைக்கடையில் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகிய நமக்கு, எழுநூறு வருஷம் மாற்றுக் குறையாத பொன் என்றால் அதன் அருமை தெரியும்.

ஒரு காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கி.பி. 408 முதல் 450 வரை ஆண்ட இரண்டாம் தியடோசியஸ் காசு என்று வைப்போம். முன்பக்கம் தலைக்கவசம் போட்ட மன்னன், முகம் பக்கவாட்டில் இல்லை, நம்மைப் பார்க்கிற மாதிரி முக்கால்வாசி திரும்பியிருக்கும். தோளுக்குப் பின்னால் ஈட்டி நீட்டிக்கொண்டிருக்கும். கேடயத்தில் குதிரைவீரன் ஒருவன், எறும்பு அளவுக்கு. பின்பக்கம் கான்ஸ்டான்டிநோபிள் நகரமே ஒரு பெண்ணாக நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலைக் கப்பலின் அணியத்தின் மேல் வைத்திருக்கும். கீழே 'கோனோப்' என்று ஐந்து எழுத்து: கான்ஸ்டான்டிநோபிள், புடம் போட்ட பொன் என்பதன் சுருக்கம். நம் நகையில் ஹால்மார்க் பார்க்கிறோமே, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா அருங்காட்சியகத்திலும் காசுக்குப் பக்கத்தில் வைக்கும் சீட்டு இந்த இடத்தோடு நின்றுவிடும். மன்னன் பெயர், வருஷம், எடை. நீங்கள் நிற்காதீர்கள், மன்னன் தலைக்கு மேலே பாருங்கள். தென்னிந்தியாவில் கிடைத்த இந்தக் காலத்துப் பொற்காசுகள் பலவற்றில் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளைகள் இருக்கும். காசு அடித்தவன் போட்ட துளை இல்லை, இந்தப் பக்கத்துத் தட்டான் போட்டது.

ஏன் இரண்டு? தாய்மார்களுக்கு உடனே பிடிபடும். ஒரு துளை போட்டு நூலில் கோத்தால் காசு சுழன்றுகொண்டே இருக்கும், ஒரு சமயம் முகம் தெரியும், ஒரு சமயம் முதுகு தெரியும். இரண்டு துளையில் கோத்தால் நெஞ்சில் படிந்து, முகம் முன்னால் பார்க்க நிமிர்ந்து நிற்கும். துளை தலைக்கு மேலேயே இருப்பதால், மன்னன் தலைகீழாகத் தொங்கக் கூடாது என்று போட்டவனுக்கு அக்கறை இருந்திருக்கிறது. யார் அந்த மன்னன் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார் காசுமாலையில் விக்டோரியா மகாராணி இருந்தாள், ஜார்ஜ் மன்னன் இருந்தான். கல்யாண வீட்டில் யாராவது அந்த ராணியின் வரலாற்றைக் கேட்டார்களா? எத்தனை காசு, எத்தனை பவுன் என்றுதான் கேட்டார்கள். 'பவுன்' என்ற சொல்லே அந்த இங்கிலீஷ்காரன் காசிலிருந்து வந்து நம் வாயில் ஒட்டிக்கொண்டதுதான்.

தங்கத்தைக் காசாக வாங்கி நகையாக வைத்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்பும் அப்படித்தான் இருந்திருக்கிறது என்று அந்த இரண்டு துளை சொல்கிறது. போதாக்குறைக்கு, உள்ளூரிலேயே அச்சுப் பார்த்து அடித்த பொற்போலிகளும் கிடைத்திருக்கின்றன. எழுத்து தெரியாத ஆள் எழுத்தை வரைந்திருப்பான், கோடு கோடாக இருக்கும். பொன் பொன்தான்.

இந்தப் பொற்காசைப் பற்றி ஒரு நல்ல கதை உண்டு. சொன்னவர் கோஸ்மாஸ், அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த வணிகர், ஆறாம் நூற்றாண்டின் நடுவில் புத்தகம் எழுதியவர். பூமி உருண்டை என்று சொல்பவர்களைத் திட்டுவதற்காகவே எழுதிய புத்தகம் அது. பூமி தட்டை, மேலே பெட்டி மூடி மாதிரி வானம் என்பது அவர் கட்சி. அந்த விஷயத்தில் அவரை விட்டுவிடுவோம். ஆனால் வியாபாரம் பற்றிச் சொல்லும்போது ஆளே வேறு. மலபாரின் ஐந்து மிளகுத் துறைகளைப் பெயர் சொல்லி எழுதுகிறார். சங்கு ஏற்றுமதியாகும் மரல்லோ என்ற துறையைச் சொல்கிறார். அடுத்து 'காபேர்' என்று ஒரு துறை. அதைக் காவிரிப்பூம்பட்டினம் என்றே பலரும் கொள்கிறார்கள்.

கதை இலங்கையில் நடக்கிறது. சோபாத்ரோஸ் என்ற ரோமப் பேரரசு வணிகர் அங்கே கப்பலில் போய் இறங்குகிறார். பாரசீகக் கப்பலும் அதே சமயம் வருகிறது. துறைமுக அதிகாரிகள் இருவரையும் அரசனிடம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். உங்கள் இரண்டு ராஜாவில் யார் பெரியவர் என்று அரசன் கேட்கிறான். பாரசீகர் முந்திக்கொண்டு, எங்கள் ராஜாதான், அவர் நினைத்தால் எதுவும் நடக்கும் என்று அளக்கிறார். சோபாத்ரோஸ் வாயே திறக்கவில்லை. நீ ஒன்றும் சொல்லவில்லையே என்று அரசன் கேட்டதும், இரண்டு ராஜாவும் இங்கேயே இருக்கிறார்கள், நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அரசனுக்கு விளங்கவில்லை. சோபாத்ரோஸ் தங்கள் பொற்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் எடுத்து வைக்கிறார். அரசன் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு ரோமருக்கே தீர்ப்பு சொல்கிறான். சோபாத்ரோஸை யானைமேல் ஏற்றி, மேளம் முழங்க ஊர்வலம் விடுகிறார்கள்.

நல்ல கதை, சினிமாவுக்கு ஆகும். ஆனால் எனக்கு இதில் இரண்டு சந்தேகம் உண்டு. ஒன்று, இதற்கு நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே பிளினி என்ற ரோம எழுத்தாளர் கிட்டத்தட்ட இதே கதையைச் சொல்லிவிட்டார். அதிலும் இலங்கை அரசன்தான், அதிலும் காசைப் பார்த்துத்தான் ரோமை மெச்சுகிறான். தலைகள் வேறு வேறாக இருந்தும் எடை ஒன்றாக இருக்கிறதே என்று வியக்கிறான். பழைய கதைக்குப் புதுச் சட்டை மாட்டிவிட்டார்களோ என்று தோன்றுகிறது. இரண்டாவது சந்தேகத்தைக் கொடுப்பது இலங்கை மண். அங்கே அந்தக் காலத்து ரோமப் பொற்காசு மிக அரிது. கிடைப்பதெல்லாம் செம்பு, ஆயிரக்கணக்கில் செம்பு. கோஸ்மாஸும் ஒரு வார்த்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: இலங்கைக்குக் கொண்டுபோகும் பொற்காசைத் தேர்ந்தெடுத்துத்தான் கொண்டுபோவார்கள் என்று. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு எடுத்து வைக்கும் வெள்ளித் தட்டு மாதிரி. தினப்படி சோறு அதில் இல்லை.

தினப்படி சோறு செம்பில் இருந்தது. என் மனசு முழுக்க இந்தச் செம்பின் மேல்தான். நம் பக்கத்தில் கரூரில் அமராவதி ஆற்று மணலிலும், மதுரையிலும், திருக்கோயிலூரிலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமச் செப்புக்காசுகள் ஏராளமாகக் கிடைத்தன. மாமல்லபுரத்தில் தியடோசியஸ் காசு கிடைத்ததைப் பழைய ஆய்வாளர்களே குறித்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய காசு தெரியுமா? சட்டைப் பொத்தான் அளவு. ஒரு கிராம் இருந்தால் அதிகம். ஒரு பக்கம் மன்னன், மறுபக்கம் வெற்றி தேவதை கைதி ஒருவனை இழுத்துக்கொண்டு போவாள், சிலவற்றில் வெறும் சிலுவை. பாதிக்கு மேல் தேய்ந்துபோயிருக்கும்.

இதைப் பெரிய மனிதர்கள் பொருட்படுத்தவில்லை. பொற்காசு கிடைத்தால் கலெக்டர் வருவார், பத்திரிகையில் வரும். பொத்தான் அளவு செம்பை யார் எடுத்து வைப்பார்கள்? எடுத்து வைத்தவர் ஒருவர் உண்டு, தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. பழங்காசு வியாபாரிகளிடம் தேடித் தேடி வாங்கி, ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் படித்து, கரூர், மதுரை, திருக்கோயிலூர்ச் செப்புக்காசுகளுக்கென்றே 1994இல் ஒரு நூல் போட்டார். பத்திரிகை ஆபீஸ் வேலைக்கு நடுவே செய்த காரியம். அதற்கு முன்னால் அருங்காட்சியகச் சேகரிப்புக்குப் பட்டியல் போட்டவர் டி.ஜி. அரவமுதன். சென்னை அருங்காட்சியகத்தின் ரோம, பைசாந்தியக் காசுகள் பற்றிய அவர் நூல் 1942இல் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம் அது. தேய்ந்த காசில் எழுத்துக் கூட்டிக்கொண்டு ஒரு மனுஷர் இருந்திருக்கிறார்.

அந்தச் செப்புக்காசின் மதிப்பு என்ன? ரோமப் பேரரசர் மூன்றாம் வாலன்டினியன் 445இல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி ஒரு பொற்காசுக்குச் சில்லறை 7,000 செப்புக்காசுக்குக் குறையக்கூடாது. ஏழாயிரத்தில் ஒன்று! அதை யாரும் பெட்டியில் பூட்டி வைக்க மாட்டார்கள், மாலையில் கோக்க மாட்டார்கள். அப்படியானால் எதற்கு அது கடல் தாண்டி வந்தது? உருக்குவதற்கு என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம், இலங்கையில் அதைப் பார்த்து உள்ளூரிலேயே போலிக்காசு நிறையச் செய்திருக்கிறார்கள். உருக்கப் போகிற பழைய செம்புக்கு எவனாவது போலி செய்வானா? சில்லறைத் தட்டுப்பாடு, அதுதான் விஷயம். கண்டக்டர் மீதிச் சில்லறையை டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுக்கிறாரே, மளிகைக்கடையில் ஒரு ரூபாய்க்கு மிட்டாய் தருகிறார்களே, அதே தொல்லைதான். கையில் கொடுத்து வாங்க ஒரு சின்ன உலோகத் துண்டு வேண்டியிருந்தது. எங்கோ அந்தியோக்கியாவில் அடித்தது இங்கே கிடைத்தது, போதாததற்கு நாமே செய்துகொண்டோம்.

ரோம வணிகம் மூன்றாம் நூற்றாண்டோடு படுத்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். பெரிய கப்பல், பொன் குவியல் என்று பார்த்தால் அது சரி மாதிரித் தெரியும். அமராவதி மணலைக் கேட்டால் வேறு கதை சொல்கிறது. சந்தையில் மீன் விற்ற ஒரு பெண் தியடோசியஸ் முகத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் பெயரை எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது. காசு தேய்ந்திருக்கிறதே, அது அவள் விரலும் அவளைப் போன்றவர்கள் விரலும் பட்டுத் தேய்ந்தது.

அங்கிருந்து நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கும் சாட்சி உண்டு. இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் ஒரு வெள்ளித்தட்டு இருக்கிறது, லாம்ப்சாகஸ் ஊரில் கிடைத்தது, ஆறாம் நூற்றாண்டு வேலை. நடுவில் ஒரு பெண் யானைத்தந்தத்தில் செய்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் வில், தலைப்பாகையிலிருந்து இரண்டு கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் கிளி, குரங்குகள், கயிற்றில் பிடித்த புலிவகை மிருகங்கள். இவள்தான் 'இந்தியா' என்கிறார்கள். ஆனால் பக்கத்தில் ஒரு கினிக்கோழியும் நிற்கிறது, அது ஆப்பிரிக்கக் கோழி! எத்தியோப்பியாவும் இந்தியாவும் அவர்களுக்கு ஒரே திசையில் ஒரே ஊர் மாதிரிதான். பாரிஸ் லூவரில் இருக்கும் தந்தப் பலகை ஒன்றிலும், பேரரசனின் குதிரைக்குக் கீழே யானையும் புலியும் தந்தமுமாகக் கிழக்கத்திக்காரர்கள் காணிக்கை கொண்டு வருகிறார்கள். நாம் காணிக்கை கொடுத்ததாக நமக்கு நினைவில்லை. காசு வாங்கிக்கொண்டு சரக்குக் கொடுத்தோம்.

கோஸ்மாஸ் மறுபடி ஞாபகம் வருகிறார். அவர் புத்தகத்தின் 11ஆம் நூற்றாண்டுப் படிகளில் மிளகுக்கொடியும் தென்னையும் வரைந்திருக்கிறார்கள். தேங்காயை 'அர்கெல்லியா' என்று எழுதுகிறார். நாரிகேளம் அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது. படம் வரைந்த துறவி தென்னையைப் பார்த்தே இருக்க மாட்டார். அந்த மரத்தைப் பார்த்தால் நம் ஊர்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பிள்ளைகள் சிரிப்பது இருக்கட்டும், அவர்களை எழும்பூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வெண்கலக் கூடத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அதைப் பார்க்காமல் வருவது பாவம். ஆனால் காசு இருக்கும் இடத்தில் கால் மணி நேரம் நில்லுங்கள். பையில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கட்டும். மன்னன் பெயரைப் பிறகு படிக்கலாம், முதலில் துளை இருக்கிறதா, விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. ஏரியில் வலை இழுக்கும்போதோ, முகத்துவாரம் பக்கம் மண் அரித்த இடத்திலோ, வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ பச்சை பிடித்த ஒரு சின்ன வட்டத் துண்டு கைக்கு வந்தால், தயவுசெய்து புளி போட்டுத் துலக்காதீர்கள். அந்தப் பச்சையோடு எழுத்தும் போய்விடும். பழைய இரும்புக்காரரிடம் எடை போட்டும் கொடுக்காதீர்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி, காசோடு சேர்த்து மடித்து வையுங்கள். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பழம்பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் சொல்கிறது. அந்தப் பத்து ரூபாய் இன்றும் பத்து ரூபாய்தான். எழுதிப் போடுங்கள்.

போகிறவர்கள் எந்த நாளில் வேண்டுமானாலும் போங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.